ஜோடி எண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கணினி நிரலில் எந்தப் பிழையும் இல்லை என்று விசாரணைக் குழு பதினாறு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தது. எங்கள் கம்பெனியில் அதற்காகக் கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன். தொண்டையில் நின்றதா என்று கேட்டால், இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்கியது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். வெயில் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்று ஏறி, வெளியில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே சுருண்டு விழ ஆரம்பித்த பிறகு 'நிழல்' திட்டம் வந்தது. சிவப்பு நாள் என்று சங்கு ஊதினால், ஓட்டுநர் இல்லாத குளிர்வண்டிகள் வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று போய், ஆட்களை ஏற்றிக்கொண்டு குளிர்கூடத்தில் விட்டுவிடும். எல்லார் கையிலும் ஒரு பட்டை கட்டியிருக்கும். வண்டி அதன் எண்ணைப் பட்டியலில் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடும். பெயர் வந்தால் ஏறலாம். கூப்பிடாத ஆள் ஏறினால் கதவு மூடாது, வண்டி நகராது. அந்தப் பெயர் கூப்பிடும் பகுதியை எழுதியவன் நான்.

பட்டியலில் ஆளுக்கு ஒரு பதிவு இருக்கும் என்று நினைத்து எழுதிவிட்டேன். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அப்படித்தான் தோன்றும். தூத்துக்குடிப் பக்கத்து அளங்களில் புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்துத்தான் வேலைக்கு எடுப்பார்கள். அவன் உப்பை வாருவான், அவள் சுமப்பாள். முதலாளி பதிவில் அது ஒரே வேலை, ஒரே எண், 'ஜோடி'. பட்டை மட்டும் இரண்டு. திருச்செந்தூர் ரோட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். எழுதும்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அமைச்சருக்குக் காட்டுவதற்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்தோம். ஜோடிப் பதிவு ஒன்றைத் தொட்டதும் நிரல் பொத்தென்று விழுந்தது. சுவர் முழுக்கச் சிவப்புத் திரை. எங்கள் தலைவி புனிதவதி மேடம் கெட்டவர் கிடையாது, பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கேட்காமலே லீவு கொடுப்பவர். அன்றைக்கு அவர் முகம் வெளிறிப்போய்விட்டது.

"நாளைக்கு இப்படி விழுந்தா நாம எல்லாரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். விழாம பண்ணு. எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

பண்ணினேன். ஒரே ஒரு வரி மாற்றம். மறுநாள் விழவில்லை. அமைச்சர் கை தட்டினார்.

அடுத்த மே மாதம் ஒரு சிவப்பு நாளில் தெற்கே ஓர் அளத்துக்கு வண்டி போனது. காவல்காரர், கங்காணி, லாரியில் சுமை ஏற்றுகிறவர்கள் என்று ஒன்பது பேரைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டது. எட்டு ஜோடிகளும் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ரூமில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பொன்னுலிங்கம் என்கிற முப்பத்தெட்டு வயது ஆள் செத்துப்போனார். வண்டியின் பதிவேட்டை நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

விசாரணைக்குக் காரணம் ஒன்று தேவைப்பட்டது. செத்தவரின் மனைவி எசக்கியம்மாள் ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் அழுதுகொண்டே ஏதோ சொல்லியிருக்கிறாள்: கையில் புண், உப்புத்தண்ணி பட்டு எரிந்தது, அன்று காலையில் பட்டையைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டேன். போதுமே! 'உப்பளத் தொழிலாளர்கள் கைப்பட்டையைச் சரியாக அணிவதில்லை' என்று அறிக்கை முடிந்தது. அதை அவளே ஒப்புக்கொண்டதாக ஒரு கைநாட்டு மட்டும் பாக்கி.

"நீயே போயிட்டு வா," என்றார் மேடம். "உங்க ஊர்ப் பக்கம்தானே. உன் பேச்சு அவங்களுக்குப் புரியும்."

போனேன். ஆகஸ்ட் மாதம் வந்தும் வெயில் குறையவில்லை. அளத்தில் பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறித்தது. மோட்டார் ரூம் வாசல்படியில் எசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உக்காருங்கக்கா. கம்பெனியிலருந்து வாறேன். ஒரு கையெழுத்து வேணும்."

எங்கள் ஊர்ப் பேச்சை வேண்டுமென்றே இழுத்துப் பேசினேன். அது எனக்கே அருவருப்பாக இருந்தது.

"எழுதத் தெரியாது சார். பெருவெரலு வச்சிருதேன். என்ன போட்டிருக்கு?"

வாசித்துக் காட்டினேன். பட்டையைக் கழற்றியது என் தவறு, அதனால்தான் வண்டி எங்களைக் கூப்பிடவில்லை, இன்ன பிற. அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை.

"உள்ளதுதான சார். ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரு, நான் கழட்டாம இருந்தா அவுக இருந்திருப்பாக. எங்கொழுந்தனும் அதத்தான் சொல்லுதான். எம்மவ முத்துச்செல்விய அவன்தான் கூட்டிட்டுப் போயி வச்சிருக்கான். எட்டு வயசு. எங்கண்ணன முழுங்குனவகிட்ட புள்ளய விட மாட்டேன்னு சொல்லுதான்." என் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினாள். "சார், ஒரே ஒரு ஒத்தாச. இதுல, கை புண்ணா இருந்ததாலதான் கழட்டுனேன், அசட்டையில இல்லன்னு ஒரு வரி சேத்து எழுதுவியளா? நீங்க கம்பெனி ஆளு. அத அவங்கிட்ட காட்டுனா புள்ளய ஒரு நாளாவது அனுப்புவான்."

என் பொய்க்குள்ளேயே தனக்கு ஒரு மூலை கேட்கிறாள்! தரையைப் பார்த்தேன்.

"இப்ப கழட்டுறதே இல்ல சார், பாருங்க," என்று கையை நீட்டினாள். பட்டை சதைக்குள் புதைந்திருந்தது. ஓரமெல்லாம் சீழ். "குளிக்கும்போதுகூட கழட்டல. அதான் இப்ப வண்டி ஒழுங்கா வருது. அவுக போனப்பொறவு மூணு தடவ எம்பேரச் சொல்லிக் கூப்ட்டிருக்கு."

"புதுப் பட்டையாக்கா?"

"இல்ல சார், அதே பட்டதான். இறுக்கிக் கட்டுனதும் சரியாயிட்டு. இவுகளயும் இறுக்கிக் கட்டச் சொல்லியிருக்கேன்."

மோட்டார் ரூம் நிழலில் மற்ற ஏழு ஜோடிகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கமாரி என்ற பெண்ணும் அவள் புருஷன் சுடலைமணியும் ஆளுக்கொரு கையைத் தூக்கிக் காட்டினார்கள். எல்லார் மணிக்கட்டும் அப்படித்தான் இருந்தது. "எங்களுக்குத்தான் இன்னும் சரியாகல," என்றாள் தங்கமாரி. "நமக்குக் குடுத்தது பழய பட்டபோல. காவக்காரருக்கெல்லாம் புதுசு. நம்மளுக்கு எதுதான் புதுசாக் குடுத்தாக?"

பட்டையில் ஒரு கோளாறும் இல்லை. எசக்கியம்மாள் எண்ணில் இப்போது ஒரே ஒரு ஆள். புருஷன் செத்ததும் முதலாளி பதிவை ஒற்றை ஆளாக மாற்றியிருப்பார். அதனால் நான் எழுதிய வரிக்கு இப்போது அவளைத் தெரிகிறது. புருஷன் செத்த பிறகுதான் அவள் பட்டியலில் ஓர் ஆளாகியிருக்கிறாள். கையில் சீழோடு அதை எனக்கு நல்ல செய்தியாகச் சொல்கிறாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மூன்று மாதமாக எனக்குக் குறுகுறுப்பு மட்டும்தான் இருந்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகு அங்கே உட்கார முடியவில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் திணித்தேன்.

"இதுல வெரலு வைக்காதீங்க. பட்டையால இல்லக்கா. நீங்க ரெண்டு கையில கட்டியிருந்தாலும் அன்னைக்கு வண்டி கூப்ட்டிருக்காது. தப்பு எம்மேல."

அவளுக்குப் புரியவில்லை. புரிய வைக்க வேண்டியது என் வேலை.

"ஒரு சாக்கு நெறைய டப்பா இருக்குன்னு வச்சுக்கிடுங்க. ஒவ்வொண்ணா எடுத்துத் தொறந்து, உள்ள இருக்க ஆளு பேரைக் கூப்புடணும். அதுதான் அந்த புரோகிராம். மொதல்ல நான் எழுதினது, எந்த டப்பாவுலயும் ஒத்த ஆளுதான்னு கண்ண மூடிக்கிட்டுத் தொறக்கும். ஜோடி டப்பாவத் தொறந்துச்சு, உள்ள ரெண்டு பேரு. முழிச்சுப் போயி விழுந்துட்டு."

"விழுந்தா என்னாவும்?"

"எல்லாரும் ஓடி வருவாக, என்னா ஏதுன்னு பாப்பாக. ஆனா விழக் கூடாதுன்னு சொல்லிட்டாக. அதனால, தொறக்கும் முன்ன ஒரு கேள்வி கேளுன்னு எழுதுனேன். நீ ஒத்த ஆளா? ஆமான்னா தொற."

"இல்லன்னா?"

"இல்லன்னா கீழ வச்சிட்டு அடுத்தத எடு."

"கீழ வச்சத பொறவு யாரு எடுப்பா?"

இவ்வளவு சின்னக் கேள்வி. எங்கள் அலுவலகத்தில் பதினெட்டு பேர் அந்த வரியைப் பார்த்துச் சரி சொன்னோம். ஒருத்தர்கூட இதைக் கேட்கவில்லை.

"யாரும் எடுக்க மாட்டாகக்கா. எடுக்கணும்னு நான் எழுதல. எங்க தொழில்ல இதுக்குப் பாதுகாப்பான முறைன்னு பேரு. புரோகிராம் விழாதுல்லா."

எசக்கியம்மாள் என்னையே பார்த்தாள். அழுவாள், திட்டுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் மெதுவாகப் பேசினாள்.

"அன்னைக்கு அவுக வண்டியில ஏறிட்டாக சார். பேரு கூப்புடலன்னாலும் ஏறி ஒக்காந்துட்டாக. கதவு மூடல. லாரிக்காரவுகல்லாம், எறங்கு வே, ஒன் ஒருத்தனால நாங்க எல்லாரும் சாவணுமான்னு சத்தம் போட்டாக. அவுக எறங்கிட்டாக. எறங்கி வந்து எம்மேல கோவப்பட்டாக, ஏன்ட்டி பட்டயக் கழட்டுனன்னு. அதுதான் கடைசியா எங்கிட்டப் பேசுனது."

மன்னிப்பு என்ற சொல் வாயில் வந்து நின்றது. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று விழுங்கினேன்.

அப்போதுதான் சங்கு ஊதியது. மணி பதினொன்று. சிவப்பு நாள்.

கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டு எல்லாரும் எழுந்தார்கள். எசக்கியம்மாளும் எழுந்தாள். எழுந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்த எடத்துல இப்ப என்ன எழுதியிருக்கிய?"

"எந்த எடத்துல?"

"கீழ வச்சுட்டு அடுத்தத எடுன்னு எழுதினியள்ல, அந்த எடத்துல."

வெட்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்படியேதான் இருக்கு."

"மாத்தலியா?"

"மாத்தல."

"மூணு மாசமா?"

"மாத்தினா யாரு மாத்தினது, என்னைக்கு, எதுக்குன்னு பதிவாகிரும். மாத்தினவன்தான் தப்பு செஞ்சவன்னு தெரிஞ்சுபோகும். அதனால தொடல."

மாவட்டம் முழுக்க இரண்டாயிரத்து முந்நூறு ஜோடிப் பதிவுகள். எண்ணிப் பார்த்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தொடாமல் இருந்தேன். மழைக்காலம் வந்தால் சிவப்பு நாளே வராது, அதற்குள் வேறு வேலைக்கு மாறிவிடலாம் என்று ஒரு கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கணக்கு.

எசக்கியம்மாள் முகம் அப்படியே மாறியது. அழுகை இல்லை. கோபம். நல்ல, நியாயமான கோபம்.

"என்ன மனுசன் ஓய் நீரு?" என்றாள்.

வரப்பின் கோடியில் வண்டி திரும்பி வந்து நின்றது. கதவு திறந்து சில்லென்று காற்று வந்தது. பதிவு செய்த பெண்குரல் இனிமையாகக் கூப்பிட்டது. கங்காணி பெயர், காவல்காரர் பெயர், இரண்டு லாரி ஆட்கள், எசக்கியம்மாள். ஏழு ஜோடிகளும் பட்டையைச் சேலையிலும் கைலியிலும் அழுந்தத் துடைத்து, வண்டியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பதினான்கு கைகள். குரல் சொன்னது: "ஏற்றம் முடிந்தது. கதவு மூடப்படுகிறது."

எசக்கியம்மாள் ஏறினாள். உள்ளே போகவில்லை. படியில் நின்று இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டாள். கதவு அவள் தோளில் இடித்துவிட்டுத் திறந்துகொண்டது.

"யம்மா, உள்ள வா. குளிரு பூரா போவுதுல்லா," என்றான் லாரிக்காரன் ஒருத்தன்.

"போவட்டும். வாயப் பொத்திட்டு ஒக்காரு. ஒருத்தன எறக்கிவிட்டுப் போனது போதும்." அவள் என்னைப் பார்த்தாள். "நீரு எழுதும். நான் நிக்கேன்."

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தேன். வெயிலில் திரையில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. தங்கமாரி ஓடிவந்து உப்புச் சட்டியை என் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தாள். சிவப்பு நாளில் அவசரத் திருத்தம் போட எனக்கு யார் அனுமதியும் வேண்டாம். கடந்த மூன்று மாதத்திலும் வேண்டியிருக்கவில்லை. பெயர் மட்டும் போட வேண்டும்.

நான்கு வரி எழுதினேன். ஒற்றை ஆளா என்று கேள். இல்லையென்றால் ஜோடியா என்று கேள். ஜோடி என்றால் இரண்டு பேரையும் கூப்பிடு. இரண்டும் இல்லையென்றால் சத்தம் போடு, மனுஷர் யாரையாவது வரச் சொல். ஒரு வரியை இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. சோதித்துப் பார்த்து, என் பெயரைப் போட்டு, அனுப்பினேன்.

வண்டி கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு அதே குரல்: "சுடலைமணி. தங்கமாரி."

இரண்டு பேரும் அசையவில்லை. "நம்மளயா?" என்றாள் தங்கமாரி, சட்டியைப் பிடித்தபடியே.

"ஒங்களத்தாம்ட்டி, ஏறு!" என்று கத்தினாள் எசக்கியம்மாள். ஜோடி ஜோடியாகப் பெயர்கள் வந்தன. எல்லாரும் ஏறியதும்தான் அவள் கம்பியை விட்டாள். என் பெயர் அந்த அளத்துப் பட்டியலில் இல்லை. எசக்கியம்மாள், நான் வந்த கார் எங்கே என்று கேட்டாள். ரோட்டில் நிற்கிறது என்றேன்.

"ஏறி ஒக்காரும். ரோட்டு மொனையில எறக்கிவிடச் சொல்லலாம். இந்த வெயில்ல நடந்தா செத்துருவீரு." பின்னால் ஒரு பொத்தான், கம்பெனி அட்டையைக் காட்டினால் மட்டும் வேலை செய்யும்; கங்காணி என் அட்டையைக் காட்டி அதை அழுத்தி விருந்தாளி ஒருத்தர் என்று பதிவு செய்தார். வண்டி என்னையும் ஏற்றிக்கொண்டது. இதைவிட என்னை நடக்க விட்டிருக்கலாம்.

போன் அடித்தது. புனிதவதி மேடம். "என்ன மாத்தியிருக்க நீ? திடீர்னு நாலாயிரம் பேருக்கு மேல கூடுதலா ஏறுறாங்க. யாரு இவங்கெல்லாம்?"

"முன்னாலயே இருந்தவங்கதான் மேடம். வந்து எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கிறேன்," என்று வைத்துவிட்டேன்.

எசக்கியம்மாள் எதிர் இருக்கையில் இருந்தாள். ஜன்னல் வழியே வெள்ளைப் பாத்திகள் போய்க்கொண்டிருந்தன.

"எவ்வளவு நேரம் ஆச்சு, எழுத?" என்று கேட்டாள்.

"பதினோரு நிமிஷம்."

அவள், தன் புருஷன் இறங்கிப் போன படியைப் பார்த்தாள். பிறகு பட்டையின் கொக்கியைத் தளர்த்தினாள். தோலோடு ஒட்டியிருந்ததைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிய்த்து எடுத்து மடியில் வைத்தாள்.

"எங்கொழுந்தங்கிட்ட போயிச் சொல்லணும். பட்டையால இல்லன்னு. நம்ப மாட்டான். பொறவு யாரு செஞ்சான்னு கேப்பான். வந்ததுலருந்து நீரு பேரு சொல்லலியே. ஒம்ம பேரு என்ன?"

"கோமதிநாயகம்," என்றேன். "நானே வாறேன்க்கா. இப்பமே போவோம். நானே சொல்லுதேன்."

"வாரும். ஆனா நீரு பேச வேண்டாம். வாசல்ல நின்னாப் போதும். நான் சொல்லிக்கிடுவேன்." மறந்துவிடக் கூடாது என்பதுபோல என் பெயரை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.